தேதி போடுகிறவர்கள்

முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் நிரப்பும் படிவத்தில் இரண்டு பகுதிகள் தவறாமல் இருக்கும். ஒன்று கல்வித் தகுதி, இன்னொன்று பணி அனுபவம். ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று இப்போது பரவலாகச் சொல்லப்படும் மருத்துவத் தகவலியலில் அந்த இரண்டு பகுதிகளையும் யார், எப்படி நிரப்புகிறார்கள் என்பதைச் சில காலமாகக் கவனித்து வருகிறேன். பொறியியல் படித்தவர்கள் அதிகம். எம்.பி.பி.எஸ். முடித்துக் கணினிப் பக்கம் வந்தவர்கள் அடுத்து. புள்ளியியல்காரர்கள் சிலர். பல் மருத்துவமும் மருந்தாளுமையும் படித்து வந்தவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் இந்தத் துறைக்கு வேண்டும். ஆனால் துறையின் மூலப்பொருளான பதிவை முதன்முதலில் கையால் எழுதுகிறவர்கள் அந்தப் படிவத்தின் பக்கமே வருவதில்லை. வர வழியும் இல்லை. தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு இதை யோசிக்கிறபோது, ஏதோ நிர்வாகக் குறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. துறையின் அறிவிலேயே இருக்கும் ஓட்டை என்றுதான் படுகிறது.

இந்தத் துறை செய்ய விரும்புவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு நோயாளியைப் பற்றி ஓரிடத்தில் எழுதப்பட்டது, இன்னோரிடத்தில் இருக்கும் இன்னொருவருக்கு, வேண்டிய நேரத்தில், பொருள் மாறாமல் கிடைக்க வேண்டும். குறியீட்டுப் பட்டியல்கள், தரவுத்தளங்கள், 2021 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் ஒவ்வொருவருக்கும் தருகிற 14 இலக்க எண் எல்லாம் இதற்காகத்தான். பொருள் மாறாமல் போய்ச் சேர வேண்டுமென்றால், எழுதிய நேரத்தில் அந்தப் பொருள் என்னவாக இருந்தது என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடைப்பட்ட ஏதாவது ஒரு துணை சுகாதார நிலையத்தில், கிராம சுகாதார செவிலியர் ஒரு கர்ப்பிணியைப் பதிவு செய்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது விளங்கும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு நர்ஸ். அவர் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, கடைசி மாதவிடாயின் முதல் நாள் எது என்பது. அதற்கு யாரும் தேதி சொல்வதில்லை.

“கடைசியா எப்பம்மா குளிச்ச?”

“எங்க ஊர்ல கொடைக்குக் கால்நாட்டுனாங்கள்லாக்கா, அதுக்கு மறுநாள்.”

“உங்க ஊருன்னா? மாமியா ஊரா, அம்மா ஊரா?”

“அம்மா ஊருதான். கால்நாட்டுக்கே போயிட்டேன், கொடை முடிஞ்சுதான் வந்தேன்.”

நர்ஸ் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார். அந்தப் பெண்ணின் அம்மா ஊர் அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய். விழாவுக்குக் கால் நடுகிற கால்நாட்டு அதற்கு முந்திய செவ்வாய். மறுநாள் புதன். அந்த ஆண்டு நாட்காட்டியில் அது ஜூலை 31. ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் மே 7. இரண்டு தேதிகளையும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு இதில் ஒன்றும் நடந்ததாகவே தோன்றாது.

ஆனால் நடந்தது பெரிய காரியம். நெல்லைச் சீமையில் கொடை ஊருக்கு ஊர் வேறு. ஒரே ஊரில் அம்மனுக்குச் செவ்வாய், சுடலைமாடனுக்கு வெள்ளி. மழை பொய்த்தாலோ, ஊரில் ஒரு சாவு விழுந்தாலோ கொடை தள்ளிப் போகும். இதை எந்த நாட்காட்டியும் அச்சிடுவதில்லை, எந்தத் தரவுத்தளத்திலும் இது கிடையாது. தன் வட்டாரத்தின் கொடைகளைத் தலைக்குள் வைத்திருக்கிற ஒரு பெண்தான் ஊர்க்காலத்தை அரசாங்கத் தேதியாக மாற்றிக்கொடுக்கிறார். அதற்குப் பிறகு அந்தத் தேதி கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து கண்காணிக்கத் தமிழ்நாடு 2008-இல் கொண்டுவந்த பிக்மி பதிவுக்குள் போகிறது. 12 இலக்க எண் ஒன்று அதன்மேல் உட்காருகிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை அந்தப் பதிவைப் பார்த்துத்தான் வருகிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள்.

புயல், வெள்ள எச்சரிக்கை வந்தால் பிரசவ நாள் நெருங்கியவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது நம் சுகாதாரத் துறையின் நெடுநாள் வழக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. மழை கொட்டியதையும், தாமிரபரணி கரை கடந்து ஊர்களைச் சூழ்ந்ததையும், ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோனதையும் இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அப்படியொரு இரவில் ஒரு பெண்ணின் பெயர் பட்டியலின் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது, ஆறேழு மாதத்துக்கு முன் ஒரு நர்ஸ் கால்நாட்டு நாளைச் சரியாகக் கணக்கிட்டாரா என்பதைப் பொறுத்தது.

ஆய்வு மேசைக்கு வரும்போது இதெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. ஒரு நெடுவரிசை மட்டும் வந்து சேர்கிறது. 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைப்பிரசவம் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட எல்லைக்கோடு. தேதியில் பத்து நாள் பிசகினால் நிறைமாதக் குழந்தை குறைமாதமாகிவிடும், குறைமாதக் குழந்தை நிறைமாதமாகிவிடும். தொடக்க மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் இதைப் பெருமளவு திருத்தும் என்பது உண்மை. அப்போதும் பதிவில் இரண்டு தேதிகள் நிற்கும். எதை நம்புவது என்று ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அது போதாதென்று, தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். புருஷன் ஊர் நர்ஸின் பதிவேட்டில் ஏழு மாதம் வரை அவள் இருப்பாள், பிறகு காணாமல் போவாள். அதே பெண் இன்னொரு நர்ஸின் வட்டாரத்தில் நிறைசூலியாக வந்து நிற்பாள். இடையில் இரண்டு நர்ஸுகளும் போனில் பேசிக்கொண்டால்தான் கணக்கு நேராகும். ஆராய்ச்சியாளர் இதைத் ‘தொடர்பிழப்பு’ என்று எழுதுவார். அந்தப் பெண் யாரிடமும் தொடர்பை இழக்கவில்லை, வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

இந்தத் துறையில் ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். ஆற்றங்கரைக் கிராமத்துப் பெண். படித்தது பி.எஸ்ஸி. கணினி அறிவியல். படிப்பு முடிந்ததும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்தத்தில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டராகச் சேர்ந்தார். நர்ஸுகள் கொண்டுவந்து வைக்கிற பதிவேடுகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிற வேலை. மின்சாரம் போனால் காத்திருந்து, இணையம் நின்றால் இரவில் வீட்டில் உட்கார்ந்து ஏற்றி, சில ஆண்டுகள் அப்படியே போயின. பிறகுதான் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை, இப்போது முனைவர் பட்டம். நேர்காணலில் அவருடைய முதுகலை ஆய்வேட்டைப் பற்றி நிறையக் கேட்டார்களாம். டேட்டா என்ட்ரி வேலை பார்த்த ஆண்டுகளைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதைச் சொன்னபோது அவர் குறைபட்டுக்கொள்ளவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அவரிடம் இருக்கிற, வேறு எவரிடமும் இல்லாத அறிவு அந்த ஆண்டுகளில்தான் சேர்ந்தது. எந்த நர்ஸின் கையெழுத்தில் 1-ம் 7-ம் ஒன்றுபோல் இருக்கும், எந்த மாதக் கடைசியில் பதிவுகள் மொத்தமாக வந்து குவியும், எந்தக் கட்டம் வெறுமனே நிரப்பப்படுகிறது, எந்தக் கட்டத்தை நர்ஸுகள் தங்களுக்காகவே அக்கறையோடு எழுதுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

அவருடைய பின்புலத்தில் இன்னொன்றும் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் அதற்கு இடமே கிடையாது. அவருடைய அம்மா பீடி சுற்றுகிறவர்.

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கமெல்லாம் வீட்டுத் திண்ணைகளில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவதைப் பார்க்காமல் யாரும் கடந்து போக முடியாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை கிராம் இலை கொடுத்தது, எத்தனை கிராம் தூள் கொடுத்தது, எத்தனை பீடி வந்தது, எத்தனை கழிவு என்று பீடிக்கடையில் நாள்தோறும் கணக்கு எழுதுவார்கள். இலை குறைந்தால் தெரிந்துவிடும், பத்து பீடி குறைந்தாலும் தெரிந்துவிடும். பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976-இல் வந்தது. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று ஆஸ்பத்திரியும் உண்டு. இவ்வளவு நுணுக்கமாக எண்ணப்படுகிற அந்தப் பெண் இருமலோடு ஒரு பொது ஆஸ்பத்திரிக்குப் போனால், ஓ.பி. சீட்டில் பெயர், வயது, பெண், ஊர், எந்தப் பிரிவு என்று எழுதுவார்கள். இருபது வருடமாகப் புகையிலைத் தூளை மூச்சில் வாங்கியவர் என்பதற்கு அந்தச் சீட்டில் இடமில்லை.

சரி, தொழில் என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டால் தீர்ந்ததா? அந்த ஆய்வு மாணவி எனக்குச் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. “என்னக்கா வேலை பாக்கீங்கன்னு கேட்டா எங்க அம்மாவே, வேலைக்கெல்லாம் போகலை, வீட்டுலதான் இருக்கேன்னுதான் சொல்லுவா சார். பீடி சுத்துவீங்களான்னு கேட்டாத்தான் ஆமான்னு சொல்லுவா.” வேலைக்குப் போவது என்றால் வாசலைத் தாண்டிப் போவது. திண்ணையில் உட்கார்ந்து செய்வது வேலைக் கணக்கில் வராது, அதைச் செய்கிற பெண்ணின் மனதிலேயே வராது. ஆக, கட்டம் சேர்த்தாலும் ‘இல்லத்தரசி’ என்றுதான் பதிவாகும். பிறகு ஒரு நாள், பெரிய கணினி ஒன்றில் லட்சக்கணக்கான பதிவுகளை ஏற்றி, நுரையீரல் நோய்க்கும் தொழிலுக்கும் என்ன தொடர்பு என்று அலசுகிற ஒருவர், திருநெல்வேலி வட்டாரத்தில் இல்லத்தரசிகளுக்கு இருமல் அதிகம் என்று கண்டுபிடிப்பார். சமையலறைப் புகை காரணமாக இருக்கலாம் என்று எழுதுவார். கணக்கிலோ மென்பொருளிலோ பிழை இருக்காது. கேள்வியைக் கேட்ட விதத்தில்தான் எல்லாம் தவறியிருக்கும். அதைக் கண்டுகொள்ள ஒரு பீடிக்காரப் பெண்ணின் மகள் அந்த ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டும்.

இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. பதிவை உருவாக்கும் கைகளைக் கணக்கில் எடுக்காததன் விளைவு உலக அளவில் ஏற்கெனவே தெரிந்த விஷயம். சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைக் கணினியே கண்டறியும் முறையை கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். அதற்கு 1,28,175 விழித்திரைப் படங்களைப் பயன்படுத்தினார்கள். படங்கள் அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவின் மூன்று கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை. மூன்றில் ஒன்று நம் அரவிந்த். எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்று, முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அது. 1988-இல் திருநெல்வேலிக்கு வந்தது. அரவிந்தில் கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவ உதவியாளர்களாக்குவது தொடக்கத்திலிருந்தே உள்ள முறை. நோயாளியின் தாடையைத் தாங்கியில் சரியாக வைத்து, “இமைக்காம நேராப் பாருங்க தாத்தா” என்று பேசிப் பேசி வேலை வாங்குகிற இவர்களைப் போன்றவர்களின் பொறுமை அந்த ஆராய்ச்சியின் அடியில் இருக்கிறது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அதே தொழில்நுட்பத்தை தாய்லாந்தின் 11 சிகிச்சை மையங்களுக்குக் கொண்டுபோனபோது தெரிந்தது. 2020-இல் வெளியான ஆய்வின்படி, அங்கே நர்ஸுகள் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைக் கணினி தரம் போதாது என்று ஒதுக்கிவிட்டது. அறை போதிய அளவு இருட்டாக இல்லை, வரிசை நீளம், நர்ஸுக்கு வேறு வேலைகளும் இருந்தன. ஆய்வுக்கூடத்தில் மிகச் சிறப்பாக வேலை செய்த ஒன்று, யார் எந்த அறையில் படம் எடுக்கிறார் என்ற இடத்தில் வந்து தடுமாறியது.

தலைகீழான உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. காசநோயால் ஏற்படும் இறப்புகளைக் குறைக்கத் தமிழ்நாடு 2022 ஏப்ரலில் ஒரு திட்டம் தொடங்கியது. நோய் உறுதியானவுடன் நோயாளியின் உயரம், எடை, கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் அளவு, எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பவற்றை மட்டும் பார்க்கிறார்கள். மோசமாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். ஆய்வக முடிவு எதற்கும் காத்திருக்க வேண்டாம், ஒரு தாளில் அடங்கிவிடும். எதையெல்லாம் எழுதச் சொல்லாமல் விடலாம் என்று யோசித்து வடிவமைத்ததுதான் அதன் சிறப்பு என்று நினைக்கிறேன். ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டங்களை உண்மையாக நிரப்ப முடியும் என்று அறிந்தவர்களால்தான் அப்படி ஒன்றைச் செய்ய முடியும்.

நர்ஸும் புள்ளிவிவரமும் தொலைவானவை என்று நினைப்பவர்கள் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை மறந்துவிடுகிறார்கள். கையில் விளக்கோடு நிற்கும் படமாக அவரை ஆக்கிவிட்டோம். லண்டன் புள்ளியியல் கழகத்தில் 1858-இல் முதல் பெண் உறுப்பினரானவர் அவர். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல், இங்குள்ள ராணுவ முகாம்களுக்குக் கேள்விப் படிவங்களை அனுப்பி, திரும்பி வந்தவற்றை வைத்து இந்தியச் சுகாதார நிலையைப் பற்றி எழுதினார். அவரால் அந்தப் படிவங்களை வாசிக்க முடிந்ததற்குக் காரணம், போர்க்கள ஆஸ்பத்திரியில் வார்டின் பதிவுகள் எந்த லட்சணத்தில் எழுதப்படுகின்றன என்பதை நேரில் பார்த்திருந்ததுதான். படிப்பும் பணியும் ஒருவரிடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

நம் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. இன ஒதுக்கல் ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் 1990-களின் நடுவில் தொடங்கிய ஒரு சுகாதாரத் தகவல் முயற்சி, நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வளர்ந்தது. இன்று பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள் அதிலிருந்து வந்ததுதான். மென்பொருளைவிட என்னை ஈர்த்தது அவர்கள் ஆய்வு மாணவர்களைத் தேர்ந்தெடுத்த விதம். மொசாம்பிக், எத்தியோப்பியா, தான்சானியா, மலாவி, இந்தியா என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு அவரவர் நாட்டுச் சுகாதாரத் துறையே ஆய்வுக் களமாக இருந்தது. ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்குமாகப் போய்வந்து, மாவட்ட அலுவலகத்தில் பார்த்த சிக்கலையே ஆய்வேடாக எழுதி முனைவர்கள் ஆனார்கள்.

திருநெல்வேலியில் இதற்கு வேண்டிய எல்லாம் ஒரு பேருந்துப் பயணத் தூரத்துக்குள் இருக்கின்றன. ஹைகிரவுண்டில் 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி. அபிஷேகப்பட்டியில், 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி. இந்தக் கடைசிக் கல்லூரியின் பெயரைச் சொன்னால் தகவலியல்காரர்கள் வியப்பாகப் பார்க்கிறார்கள். வியக்க ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி நோய்களுக்கான பகுதி 2024 ஜனவரியில் தில்லியில் வெளியிடப்பட்டது. நோய்கள் 4,448 என்று எண்ணி வைத்த மரபு சித்தம். தாமிரபரணியின் பிறப்பிடமான பொதிகையில் இருந்ததாக நம்பப்படும் அகத்தியரின் பெயரோடு அந்த மரபு இங்கே வாழ்கிறது. எட்டு வகைக் குன்மத்தில் ஒரு நோயாளிக்கு எது என்று புறநோயாளர் பிரிவில் நாடி பிடித்துப் பார்த்த அனுபவம் இல்லாத ஒருவர், அதற்குக் குறியீட்டு எண் ஒதுக்கி என்ன செய்யப் போகிறார்?

போன மழைக்காலத்துக்குச் சற்று முன் அந்த ஆய்வு மாணவி ஒரு காரியம் செய்தார். அவருடைய தரவில் கடைசி மாதவிடாய்த் தேதிகளை வரைபடமாகப் போட்டபோது ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி மட்டும் உயர்ந்து நின்றது. நினைவில்லாதவர்கள் முழு எண்களைச் சொல்வது எல்லா நாட்டுத் தரவிலும் காணக்கூடியது என்பதால், ‘பதிவாளர் அலட்சியம்’ என்ற தலைப்பில் அதை எழுதும்படி அவரை வழிநடத்துபவர்களில் ஒருவர் சொல்லியிருந்தார். மாணவி அப்படி எழுதவில்லை. வரைபடத்தைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு, தான் முன்பு வேலை பார்த்த நிலையத்தின் மாதாந்திரக் கூட்டத்துக்குப் போனார். கூட்டம் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் நர்ஸுகளிடம் காட்டினார்.

அவர்களில் மூத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது தப்பு இல்லட்டி. மாசம் தெரியும், நாள் தெரியலன்னா பதினஞ்சு போடுங்கன்னு எங்களுக்குப் பயிற்சியிலேயே சொன்னாவ. கூடிப்போனா ரெண்டு வாரந்தான் பிசகும்னு கணக்கு.” இன்னொருவர் சொன்னார், “எனக்குச் சந்தேகமா இருந்தா பதிவேட்டுல பதினஞ்சுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வச்சிருவேன். ஸ்கேன் வந்ததும் அதை மட்டும் மாத்துவேன். கம்ப்யூட்டர்ல புள்ளி வைக்க எடம் இல்லையே.” நாள் தெரியாதபோது மாதத்தின் நடுநாளைப் போடுவது புள்ளியியலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். அதை அறிந்து, வரம்பு தெரிந்து, சந்தேகம் எது உறுதி எது என்று பிரித்துக் குறித்தும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவினையைத் தூக்கி எறிந்தது நாம் செய்த மென்பொருள்.

மாணவி இப்போது பழைய பதிவேடுகளுக்குத் திரும்பி அந்தப் புள்ளிகளை எடுத்துக்கொண்டிருக்கிறார். தேதி எப்படி வந்தது என்பதற்குத் தனி நெடுவரிசை ஒன்று போட்டிருக்கிறார்: தாய் சொன்ன தேதி, கொடை, பண்டிகை போன்ற ஊர்நாளிலிருந்து கணக்கிட்டது, மாதம் மட்டும் தெரிந்து போட்ட பதினைந்து, ஸ்கேன். நான்கையும் பிரித்தால் குறைப்பிரசவக் கணக்கு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் ஆய்வேட்டின் மைய அத்தியாயமாக வரப்போகிறது. புள்ளி வைத்த நர்ஸ் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஈராண்டுப் பயிற்சி பெற்றவர். தொலைநிலைக் கல்வியில் ஒரு பி.ஏ.யும் வைத்திருக்கிறார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கு 55 சதவீத மதிப்பெண்ணோடு முதுகலை வேண்டும், அல்லது 75 சதவீதத்தோடு நான்காண்டு இளங்கலை. அதே விதிகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன, வேலை தருகிறவரின் தடையின்மைச் சான்று போதும். ஆகவே கதவு முழுக்க மூடிக்கிடக்கவில்லை. துணை நிலைய நர்ஸுக்கும் மருத்துவப் பதிவறை ஊழியருக்கும் மருத்துவத் தகவலியலில் இரண்டு ஆண்டு மாலைநேர முதுகலை ஒன்றை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து தொடங்கலாம். நுழைவுக்கு ஏதோ ஒரு பட்டம் போதும் என்று வைக்க வேண்டும், பத்தாண்டுப் பதிவேட்டு அனுபவத்துக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். முதல் ஆண்டு ஆய்வறிக்கையைத் தமிழில் எழுத விட வேண்டும். அந்த நர்ஸ் பதினைந்துக்குப் பக்கத்தில் ஏன் புள்ளி வைத்தார் என்பதை அவரால் தமிழில் இரண்டு பக்கம் தெளிவாக எழுத முடியும். ஆங்கிலத்தில் கேட்டால் எழுதாமலே விட்டுவிடுவார், இழப்பு நமக்கு.

கடினமான பகுதி இதெல்லாம் இல்லை, வேறொன்று. அவர் வகுப்புக்கும் களஆய்வுக்கும் போகிற நாள்களில் அந்த 5,000 பேரை யார் பார்ப்பது? இப்போதைய வழக்கப்படி பக்கத்துத் துணை நிலைய நர்ஸின் தலையில் பொறுப்பை ஏற்றுவார்கள், அவருக்கு ஏற்கெனவே இன்னொரு 5,000 பேர். அப்படிச் செய்தால் படிக்கப் போகிறவரைச் சக நர்ஸுகளே வெறுப்பார்கள், நியாயமாகத்தான் வெறுப்பார்கள். எனவே வட்டாரத்துக்கு ஒரு மாற்று நர்ஸ் பணியிடம் முதலில் உருவாக்கப்பட வேண்டும், அதற்கான சம்பளத்தை ஆய்வு நிதியிலிருந்து அல்லாமல் சுகாதாரத் துறையின் நிரந்தர ஒதுக்கீட்டிலிருந்து தர வேண்டும். நான் பேசிப் பார்த்த நர்ஸுகள் எல்லோரும் படிப்பைப் பற்றி எதுவும் கேட்கும் முன்னே இதைத்தான் கேட்டார்கள்.